சைலன்சர் லைனில் ஆயுத பூஜை

பிள்ளைப்பாக்கத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் கார்களுக்கு சைலன்சர் செய்தோம். பேட்டரியில் ஓடும் காருக்குப் புகையும் கிடையாது, சைலன்சரும் வேண்டாம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆர்டர் மாதா மாதம் குறைந்தது. புகை ஒழிந்தால் எனக்கும் சந்தோஷம்தான். வீசிங் வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பவள் நான். ஆனால் புகையோடு எங்களையும் சேர்த்து ஒழிப்பார்கள் என்று ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

பக்கத்து வெல்டிங் மெஷினில் உள்ளூர் அக்கா ஒருத்தி. கம்பெனி நின்ற நிலத்தில் ஒரு பங்கு அவர்கள் வீட்டுடையது. அதைக் கொடுத்ததற்குக் கிடைத்த வேலை அது. வேலை போனால் திரும்பிப்போக அவளுக்குக் கையளவு மண் இல்லை.

ஆயுத பூஜைக்கு முன்னால் சூப்பர்வைசர் வந்தார். “லைனை நல்லா துடைங்கம்மா. பூஜை அன்னிக்கு வெளியூர் பார்ட்டி பாக்க வர்றாங்க” என்றார். புது ஆர்டர் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். அந்த மனுஷன் மறுக்கவும் இல்லை. கிரீஸைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்தோம். வழக்கப்படி மெயின் சுவிட்சை அணைத்த பிறகு, அக்கா தன் மெஷினுக்குச் சந்தனம் பூசிப் பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள்.

வந்த இருவரும் பொரியை மென்றபடி மெஷின்களைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தார்கள். “இதுவரைக்கும் மக்கர் பண்ணதே இல்ல சார். சொன்னபடி கேக்கும்” என்று அக்கா வாய் ஓயாமல் புகழ்ந்தாள். சூப்பர்வைசர் அதை இந்தியில் எடுத்துச் சொன்னார்.

மறுநாள் விஜயதசமி. சுவிட்சைப் போட்டு வேலை தொடங்கலாம் என்று போனால், வாசலில் கிரேனும் டிரெய்லரும் நின்றன. வந்தவர்கள் மெஷின்களை விலைபேசி முடித்திருந்தார்கள். அவர்கள் ஊரில் இன்னும் புகை விடுகிற வண்டிகளுக்கு சைலன்சர் செய்யப் போகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினுக்கு வேலை இருந்தது, எங்களுக்கு வாசல் கேட்டிலேயே கணக்கு முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பொட்டைத் துடைச்சிட்டு ஏத்தணும்” என்று சூப்பர்வைசர் துணியை எடுத்தார்.

“கீழ வை சார்” என்றாள் அக்கா. “நெலத்தையும் குடுத்தோம். நேத்து இத்தையும் நானே பேசி வித்துக் குடுத்துக்கீறேன். பொட்டு வெச்சவ நான், நானே தொடைக்கிறேன்.”

யூனிபார்ம் கோட்டின் கையால் துடைத்தாள். காய்ந்த குங்குமம் லேசில் போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். பொட்டு போன பிறகும் அதே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கிரேன்காரர்தான் “தள்ளிக்கோம்மா” என்றார்.