பச்சைப் போர்வையும் யார்க்‌ஷயர் வெயிலும்

இங்கிலாந்து போய் வந்தவர்கள் லண்டனைப் பற்றி எழுதுவார்கள். நாங்கள் மூன்று பேர் போன ஆகஸ்டில் ஒன்பது நாள் போய் வந்தோம், லண்டனில் கால் வைக்கவே இல்லை. போனது ஒரு போர்வையைத் தொங்கவிட. யார்க்‌ஷயரில் ஒரு சின்ன ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் குவில்ட் திருவிழா அது. விழாக்குழுவில் மொத்தமே பதினோரு பேர். இணையத்தில் பெயர் போட்டால் கடிதம் குவியும் என்று பயப்படுகிறார்கள், அதனால் ஊர்ப்பெயரை எழுதவில்லை. இதுபோலப் போக நினைத்து வழி கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு.

முதலில் ஆள் விவரம். போர்வை ஸ்டெல்லாவுடையது. சாந்தோம்காரி, முப்பது வருடம் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்து ஓய்வு பெற்றவள். இரண்டாவது வசந்தா, மயிலாப்பூர், வங்கி வேலையை விட்டவள். மூன்றாவது நான், அடையாறு. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தையல் வகுப்பில் சேர்ந்தபோது பழக்கம். வகுப்பு நின்றுபோய் நாலு வருடமாகிறது, நாங்கள் நிறுத்தவில்லை.

குவில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்து, அடியில் மெல்லிய பஞ்சுவிரிப்பும் அதற்கு அடியில் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. ஸ்டெல்லாவுடையதில் எண்பத்தொரு கட்டம், எல்லாம் பச்சை. தி. நகரில் ரவிக்கைத்துணி விற்கும் மேட்சிங் சென்டரில் போய் நின்று, "பச்சை குடுங்க" என்றாள். "எந்தப் பச்சைம்மா?" என்றார் கடைக்காரர். "இருக்கிறது எல்லாம்." கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை என்று அவர் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் எண்பத்தொன்று. பின்பக்கம் சுத்த வெள்ளை. பதினாலு மாதம் கையாலேயே தைத்தாள்.

இதற்கு முன் இரண்டு முறை வேறு போர்வைகளின் புகைப்படத்தை இதே விழாவுக்கு அனுப்பி, இரண்டு முறையும் இல்லை என்று பதில் வந்தது. மூன்றாவது முறை புகைப்படம் தேறியது. ஆனால் போர்வையை நேரில் கொண்டுபோய்க் காட்டி, சரிபார்த்த பிறகுதான் மாட்டுவார்கள். "இதுவும் இல்லைன்னா நான் ஊசியைத் தொடமாட்டேன்" என்று ஸ்டெல்லா சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

நடைமுறைக்கு வருவோம். விசா பதினாறு நாளில் கிடைத்தது. ஒருவருக்குப் போகவர டிக்கெட் ரூ. 71,200, வளைகுடாவில் ஒரு இடமாற்றம், மான்செஸ்டரில் இறங்கலாம். போர்வை 1.9 கிலோ. விழாக்குழு அனுப்பிய விதித்தாளை மூன்று பேரும் வாய்விட்டுப் படித்தோம்: வாசனை கூடாது, கறை கூடாது, நாய் பூனை முடி கூடாது. எங்களுக்குப் பயமெல்லாம் அந்துருண்டை வாசனையைப் பற்றித்தான். வசந்தா வீட்டு மாடியில் நிழலில் மூன்று நாள் காற்றாட விட்டோம். பெரிய பெட்டி அவளிடம்தான் இருந்தது, அதனால் அங்கேயே மடித்து வைத்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நான் வசந்தா வீட்டுக்குப் போனேன். அவள் பெட்டியைச் சாமி அறை வாசலுக்கு இழுத்துப் போய், போர்வையின் ஒரு மூலையை வெளியே எடுத்து, மஞ்சள் வைத்துவிட்டு மூடினாள். புதுத்துணிக்குச் செய்வதுதானே. நான் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். விதித்தாள் என் கைப்பையில்தான் இருந்தது.

கார் ஓட்டுநர் பெட்டியைத் தூக்கியவுடன் கேட்டார்: "இன்னாக்கா, உள்ள இன்னா கீது? மெத்து மெத்துன்னு கீது?"

"போர்வை" என்றேன்.

"லண்டனுக்குப் போர்வை எட்துகினு போறீங்களா? அங்க குளிருக்கு ஒண்ணும் குட்க்க மாட்டானா?"

சாந்தோமில் ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டோம். மயிலாப்பூரிலிருந்து விமான நிலையத்துக்குச் சாந்தோம் வழியாக 17 கி.மீ., ரூ. 640. சந்தேகமிருந்தால் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள், கிண்டியில் எந்த நேரமும் நெரிசல்தான்.

மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து யார்க் நகரத்துக்கு நேர் ரயில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. புதன்கிழமை ஓய்வு. வியாழன் காலை 9.35 பஸ், ஆளுக்கு மூன்று பவுண்டு, முக்கால் மணி நேரம். போர்வைகளை வாங்கும் இடம் தேவாலயத்தை ஒட்டிய கூடம். பத்து மணிமுதல் ஐந்து மணிவரை.

11.20க்கு எங்கள் முறை. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு அம்மா போர்வையை மேசையில் விரித்து, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்த்து இரண்டு தடவை தலையாட்டினார். ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. பிறகு திருப்பினார். வெள்ளைத்துணியின் கீழ்மூலையில் நாலணா அளவுக்கு மஞ்சள். விளக்கு அங்கேயே நின்றுவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கறை இருந்தால் மாட்ட முடியாது, ஐந்து மணிக்குள் சுத்தம் செய்து கொண்டுவந்தால் மறுபடி பார்க்கிறேன் என்றார். ஸ்டெல்லா எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் பார்த்தும் சொல்லாமல் இருந்ததை அப்போதே ஒப்புக்கொண்டேன். மறைத்தேன் என்றில்லை. என் கண்ணுக்கு அது கறையாகவே படவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வசந்தா போர்வையை வாரிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடிவிட்டாள். பின்னாலேயே ஓடினோம். அதற்குள் கைகழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்திருந்தாள்.

"ஐயோ, செவப்பாயிடுத்தேடி!"

"சோப்பு பட்டா மஞ்சள் செவக்கும்னு ஒன்பதாங்கிளாஸ் பசங்களுக்குத் தெரியும்" என்றாள் ஸ்டெல்லா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வினிகர் வேணும். அப்புறம் வெயில் வேணும்." அதற்கப்புறம் வசந்தாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தெருவில் வினிகர் கிடைக்கிற ஒரே கடை மீன் வறுவல் கடை. மீன் விற்கும் நொச்சிக்குப்பம் பக்கம் ஆட்டோ போனாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவள் வசந்தா. அவளே உள்ளே போனாள். வரிசையில் எட்டு நிமிடம் நின்று, நாலு பொட்டலம் வினிகரோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது. எண்ணெய்ப் புகையாகவும் இருக்கலாம்.

வினிகர் பட்டதும் சிவப்பு பழைய மஞ்சளானது. தண்ணீரில் நன்றாக அலசினோம், வாசனைக்கும் விதி இருக்கிறதே. மிச்சத்தை வெயில்தான் வெளுக்க வேண்டும். நம் ஊரில் என்றால் இரண்டு மணி நேர வேலை என்றாள் ஸ்டெல்லா. வருடம் முழுக்கக் குடை பிடித்து ஒதுங்கும் மூன்று பேர், தேவாலயத்துத் தோட்டத்து பெஞ்சில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். நான் நேரம் குறித்தேன். 12.40 முதல் 12.52 வரை வெயில். பிறகு மேகம். 1.15க்கு ஆறு நிமிடம். பிறகு தூறல், போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம்.

நாயோடு வந்த ஒரு பெரியவர், பஸ்ஸுக்கா காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வெயிலுக்கு என்றேன். அப்படியானால் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு, நூலகத்தின் பின்சுவருக்குக் கூட்டிப் போனார். தெற்குப் பார்த்த செங்கல் சுவர், காற்றும் அடிக்காது. ஊரில் எங்கே வெயில் அடித்தாலும் முதலில் இங்கேதான் அடிக்கும் என்றார். அது உண்மை. 2.20க்கு மேகம் விலகி, ஒன்றரை மணி நேரம் விடாமல் அடித்தது. மூலையை இரண்டு பக்கமும் இருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிடித்தவர்கள் ஸ்டெல்லாவும் வசந்தாவும்.

ரொம்ப நேரம் கழித்து வசந்தாதான் ஆரம்பித்தாள். "வேணும்னு பண்ணலைடி. கடல் தாண்டிப் போறதே, வெறும் துணியா எப்படி அனுப்பறதுன்னு தோணித்து."

"வெறும் துணியா? நான் ஃபாதர்கிட்ட குடுத்து மந்திரிச்சுதான் வெச்சிருந்தேன். தீர்த்தம் தெளிச்சாரு."

"அது சரி. தண்ணி காஞ்சுடும், ஒருத்தருக்கும் தெரியாது. எங்காத்து சாமிக்கு மஞ்சள்னா!"

ஸ்டெல்லா அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் துணியைப் பிடித்த கையை மாற்றும்போது, "கை வலிக்குதா?" என்று கேட்டாள்.

4.35க்கு மறுபடி மேசை. தேடினால் தெரியும், தேடாவிட்டால் தெரியாது என்கிற அளவில் ஒரு வெளிர்நிழல் மிச்சமிருந்தது. கையுறை அம்மா விளக்கை அங்கே வெகுநேரம் பிடித்தார். இது என்ன என்று கேட்டார். ஸ்டெல்லா பொய் சொல்லமாட்டாள். "எங்கள் ஊரில் புதுத்துணிக்கு மூலையில் மஞ்சள் வைப்பது வழக்கம். என் தோழி வைத்தாள்" என்றாள். என் தோழி என்று சொன்னபோது வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மா விளக்கை அணைத்துவிட்டு, 47 என்ற எண் அட்டையை எடுத்துப் போர்வையில் குத்தினார்.

வெள்ளி முதல் ஞாயிறு வரை விழா. நுழைவு ஆறு பவுண்டு, மூன்று நாளுக்கும் அதே சீட்டு. தேவாலயத்துக்குள் பெஞ்சுகளின் மேலும் தூண்களுக்கு நடுவிலும் நூற்றுப்பத்துப் போர்வைகள். கூட்டம் குறைவான நேரம் காலை பத்து முதல் பதினொன்றரை. எங்களுடையதை ஒரு பெரிய ஜன்னலுக்கு முன்னால் மாட்டியிருந்தார்கள். பச்சை ஆட்களைப் பார்த்தும், வெள்ளை முதுகு ஜன்னலைப் பார்த்தும் இருந்தது. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு சிறுமி எண்பத்தொன்றையும் விரல் நீட்டி எண்ணிவிட்டுப் போனாள். ஸ்டெல்லாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: போர்வையைக் கைப்பெட்டியில் மட்டும் எடுத்துப் போங்கள். விண்ணப்பப் புகைப்படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். தங்கும் விடுதியை ஆறு மாதம் முன்பே பிடியுங்கள், மூன்று படுக்கை போட்ட ஒரே அறைக்கு நாங்கள் கொடுத்தது இரவுக்கு 98 பவுண்டு. சைவம் என்றால் பருப்புப்பொடி கட்டாயம். விதித்தாளைப் படிக்கும்போது, நமக்கு வழக்கமாகத் தெரிவது எதிராளியின் விளக்குக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறை யோசியுங்கள். அவசரத்தில் சோப்பு போடாதீர்கள்.

ஞாயிறு மாலை நாலரைக்குப் போர்வையைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஸ்டெல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழ்மூலையைப் பார்த்தாள். வெறும் வெள்ளை. தவறான மூலையோ என்று நாலு மூலையையும் பார்த்தாள். மூன்று நாள் ஜன்னல் வெயில், மிச்சத்தையும் குடித்துவிட்டிருந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மறுபடியும் முதல் மூலைக்கே வந்து தடவிப் பார்த்தாள்.

"வசந்தா, மஞ்சள் பொட்டலம் எடுத்துட்டு வந்திருக்கியா?"

"பையிலதான் இருக்கு. ஏண்டி?"

ஸ்டெல்லா மூலையை அவள் பக்கம் நீட்டினாள்.