வெயிலில் திறந்து வைத்த குடம்

இன்று பொம்மனஹள்ளியில் ஒரு பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் போனேன். பங்க் டேங்க் கசிகிறதா என்று அக்கம்பக்கத்து போர்வெல் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை.

இடுப்பில் குழந்தையோடு வந்த அக்கா, ஒரு குடத்தைக் காட்டினார்.

"காலையிலயே புடிச்சு, மூடாம வெயில்ல வெச்சேன் சார். வாசனை போயிடுச்சு. நல்ல தண்ணியாவே எடுத்துட்டுப் போங்க."

விருந்தாளிக்கு எடுத்துவைப்பதைப் போல சோதனைக்கும் எடுத்துவைத்திருக்கிறார். பெட்ரோல் ஆவியாகிப் போனபின் எதைச் சோதிப்பது?

"இப்ப மோட்டார் போட்டு வர்ற தண்ணிதான் வேணும்க்கா."

காற்றுக்குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி மூடினேன். கையெல்லாம் பெட்ரோல் வாடை.

"குழந்தைக்கும் இதேதானா?"

"காய்ச்சித்தான் குடுக்கறேன் சார். அட்ஜஸ்ட் ஆயிடுச்சு."

குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு எனக்கும் கொடுத்தார். மறுக்க மனம் வராமல் வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை.

"ரிசல்ட் எப்ப சார் வரும்?"

"ரெண்டு வாரம் ஆகும்க்கா."

என் கையில் நிறைந்தபடியே இருந்த டம்ளரைப் பார்த்தார்.

"அதான் வந்துடுச்சே சார்."

இதை எழுதும் ப்ரவுசிங் சென்டர் மேசையில், காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் பாட்டில் இருக்கிறது. நீங்களாக இருந்தால் அந்த டம்ளரை என்ன செய்திருப்பீர்கள்?