ஸ்டிக்கரைப் பிரிக்கச் சொன்ன மேலாளர்

போன வருடம் கோடையில் நடந்தது. நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில், புள்ளியியல் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பொருள் மரபணுவைச் சிதைக்குமா என்று சோதித்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு.

அப்போது வந்திருந்தது குச்சி ஐஸில் கலக்கும் சிவப்புச் சாயம். அதைக் கொஞ்சம், நடுத்தரம், அதிகம் என்று எலிகளுக்குக் கொடுத்து, எலும்பு மஜ்ஜை செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, உட்கரு உடைந்து துணுக்கு விழுந்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். எந்தத் தகடு எந்த எலியுடையது என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. அதனால் விவரத்தை மறைத்து, வெறும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். எண்ணி முடித்த பிறகுதான், எந்த எண் எந்த எலி என்ற பட்டியலையே எடுப்போம்.

எண்ணியவள் என் ஜூனியர், ஆவடிப் பெண். நான் கணக்குப் போட்டேன். சாயம் ஏற ஏற, உடைந்த செல்களும் ஏறின. தற்செயல் என்று தள்ள முடியாத ஏற்றம்.

சாயக் கம்பெனி எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். மேலாளரின் முகம் சுருங்கிவிட்டது.

"எண்ணுறதுல ஏதோ தப்பு நடந்திருக்கும்மா. அதிக டோஸ் தகடுங்களை மட்டும் ஸ்டிக்கரைப் பிரிச்சுட்டுத் திரும்ப எண்ணச் சொல்லுங்க" என்றார், டீ வாங்கிவரச் சொல்வது போல.

எனக்கு வந்ததே கோபம்! தப்பு என்றால் எல்லாத் தகட்டையும் அல்லவா எண்ண வேண்டும்? பிடிக்காத விடை வந்ததை மட்டும், அதுவும் இன்னதென்று தெரிந்துகொண்டே எண்ணுவதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா நாங்கள் படித்துவிட்டு வந்தோம்?

அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்கு ஆபீஸ் தமிழ் மறந்துவிடும். "இன்னா சார் இது? எது அதிக டோஸுன்னு தெரிஞ்சிகினு உக்காந்தா, சந்தேகமா கீற செல்லையெல்லாம் என் கண்ணே தள்ளிவுட்டுடும். நான் எண்ண மாட்டேன் சார்."

"அப்ப வேற ஆளை வெச்சுக்கிறேன்."

"வெச்சுக்கங்க சார். ஆனா புது ஸ்டிக்கர் ஒட்டி, எல்லாத்தையும் எண்ணட்டும். ரெண்டு எண்ணிக்கையும் அறிக்கையில வரணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். வேறொருவர் எண்ணினார். ஏற்றம் அப்படியே இருந்தது. அறிக்கையும் உள்ளது உள்ளபடி போனது.

அடுத்த மாதமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "ஒத்துப்போகும் குணம் இல்லை" என்று காரணம் சொன்னார்கள். நான் எவ்வளவோ சண்டை போட்டும் நடக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அவளோ, "வுடுங்கக்கா, கண்ணு நல்லாத்தான கீது. வேற எடத்துல எண்ணிக்கினா போச்சு" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மேலாளர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நாக்குச் சிவக்க ஐஸ் சப்பிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அவள் ஞாபகம்தான் வரும். இப்போதெல்லாம் தகடுகளுக்கு நானே ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். ஒவ்வொன்றையும் அந்தக் கோபத்தோடு அழுத்தித்தான் ஒட்டுகிறேன்.