இவருக்குப் பதில் இவர்

மரக்காணத்து உப்பளத்தில் வளர்ந்தவள் நான். இப்போதெல்லாம் சாயங்காலம் ஏழு மணி ஆனால் ஊர் உலகமே என்னைத் திட்டுகிறது. சீரியலில் நான் கொடுமைக்கார மாமியார். கதாநாயகி வேஷம் கேட்டுப் போனபோது நிறம் பத்தாது என்றார்கள். போங்கடா என்று வில்லி வேஷத்தைக் கேட்டு வாங்கினேன். முப்பத்தெட்டு வயதில் முப்பது வயதுக்காரனுக்கு அம்மாவாக நடிப்பதில் எனக்கு வெட்கமே இல்லை. முறைக்கிற காட்சியில் கேமரா முகத்துக்கு நேரே மூன்று முறை வரும், விளக்கு கண்ணைக் குத்தும். நான் இமைக்க மாட்டேன். சித்திரை வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த விளக்கு எம்மாத்திரம்?

அம்மா இன்னமும் உப்பு வாரப் போகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் என் மேலுள்ள கோபத்தை அவள் மேல் காட்டுவார்கள். உன் மகள் அந்த மருமகளைப் படுத்துகிற பாட்டுக்கு நல்ல சாவே வராது என்பார்கள். அது நடிப்புடி என்று அம்மா சண்டைக்குப் போவாள். என்னால் அவளுக்கு அவமானம்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

போன கோடையில் எனக்கு அம்மை போட்டது. ஊருக்கு வந்து வேப்பிலைப் படுக்கையில் விழுந்தேன். அம்மை என்றால் எங்கள் வீட்டில் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை வாசல்படி தாண்டக் கூடாது. கம்பெனி மேனேஜரோ மேக்கப் போட்டு மறைத்துக்கொள்ளலாம், உடனே கிளம்பி வாருங்கள் என்று போனில் அவசரப்படுத்தினார். அம்மா போனைப் பிடுங்கினாள்.

"ஆத்தா வந்து எறங்கியிருக்கா சார். அவ போனாத்தான் என் பொண்ணு வருவா."

வேலை போயிற்று. அந்த வாரமே திரையில் என் முகம் வந்தது, பக்கத்தில் இன்னொருத்தி முகம் வந்தது, 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டார்கள். ஆறு வருஷம் நான் இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்து இப்போது அவள் இடுப்பில். இனி யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

மறுநாள் உப்பளத்துப் பெண்கள் இளநீரோடு வந்து வாசலிலேயே நின்றார்கள். புது மாமியார் எப்படி என்று அம்மா விசாரித்தாள். என்னை எல்லோரையும்விட அதிகமாகத் திட்டுகிறவள்தான் பதில் சொன்னாள்.

"அவ முறைச்சா தூக்கம்தான் வருது. பாவம், திட்டக்கூட வாய் வரலைக்கா."

உள்ளே படுத்திருந்த நான் உடம்பு அரிப்பையும் மறந்து சிரித்தேன்.

ஊர் உலகமும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுவாரம் மேனேஜரே கூப்பிட்டார். பழைய மாமியாரைக் கேட்டு ஜனங்கள் எழுதித் தள்ளுகிறார்களாம். கொஞ்ச நேரம் கெஞ்ச விட்டுத்தான் சம்மதித்தேன். கன்னத்துத் தழும்பை மறைக்க வேண்டாம், வில்லிக்கு அது இன்னும் எடுப்பு என்றும் சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்த முதல் காட்சியிலேயே மருமகளின் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிட்டேன். மறுநாள் காலை அம்மா உப்பளத்திலிருந்தே போன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல். அவள் குரல் கம்மியிருந்தது. யாரோ ஏதோ சொல்லி அழவைத்துவிட்டார்கள் என்று பயந்துபோய், என்னம்மா என்றேன்.

"எல்லாரும் உன் மேல மண்ணை வாரித் தூத்துறாளுங்கடி," என்றாள். "நீயே கேளு."

போனை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.