சோபாவில் உட்கார்ந்திருந்தது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை ஒரு ஸ்டோர் ரூமுக்குள் தள்ளி மூடப் பார்த்தார்கள். சிரிக்காதீர்கள்... முழுசாகக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – விபத்துக்குப் பிறகு வீல்சேர்தான் எனக்குக் கால். பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹாலில் என் மகள் யாழினியின் முதல் தனி நடனம். "முன்வரிசையில வலது ஓரம்மா. அங்கதான் உங்க வீல்சேருக்கு இடம் கேட்டு வெச்சிருக்கேன். உங்களைப் பார்த்துதான் ஆடுவேன்." ஒரு வாரமாக அதே பேச்சு.

கிள்ளானிலிருந்து ஜாமில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால், என் இடத்தில் ஒரு சோபா! சிவப்பு வெல்வெட்.

"சோரி லா அக்கா, சீஃப் கெஸ்ட் டத்தோ வராரு" என்றார் ஏற்பாட்டுக் குழுப் பெண்மணி. "நீங்க பின்னால இருங்க. அங்க நல்லா காத்து வரும்."

நான் காற்று வாங்கவா வந்தேன்?

பின்னால் என்றால் கடைசி வரிசைக்கும் பின்னால், ஸ்டோர் ரூம் கதவோரம். முன்னால் ஒரு தூண். ஏர்கோன் குளிர் நேராக உச்சந்தலையில் இறங்கியது. கறுப்புச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். அதுதான் வினையாகப் போனது.

டத்தோ வரவில்லை. ஆனாலும் அறிவிப்பாளர் அந்தக் காலி சோபாவைப் பார்த்து, "மாண்புமிகு டத்தோ அவர்களே" என்று கும்பிட்டார். வாங்கி வைத்த பொன்னாடையைச் சும்மா விடுவார்களா? கொண்டுபோய்ச் சோபாவின் மேலேயே போர்த்தினார்கள். கூட்டம் கைதட்டியது.

இல்லாத ஆளுக்கு இத்தனை மரியாதை. இருக்கிற ஆளுக்கு? போகிறவர் வருகிறவர் எல்லாம் "கொஞ்சம் பிடிங்க அக்கா" என்று பூத்தட்டு, டிரஸ் பை எல்லாவற்றையும் என் மடியில் இறக்கினார்கள். பிறகு வந்தவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. பேசாமல் வைத்துவிட்டுப் போனார்கள். கழுத்து வரை சாமான்.

விளக்கு அணைந்தது. யாழினியின் பெயரை அறிவித்தார்கள். தூணைத் தாண்டி எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினேன்...

வீல்சேர் நகர்ந்தது.

பின்னாலிருந்து யாரோ தள்ளுகிறார்கள்! "ஏய், யாரு?" என்று கத்தினேன். மிருதங்கச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு. பழைய திரைச்சீலை வாடை. கைக்கு எட்டிய ஒரு சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஐயோ! இதுல ஆள் இருக்கு!" என்று அலறினார் ஒரு தொண்டர். சாமான் வண்டி என்று நினைத்துத் தள்ளியிருக்கிறார் மனிதர். பேயைத் தொட்ட மாதிரி கையை உதறினார். சுவிட்சைத் தேடினார், கிடைக்கவில்லை. மடியிலிருந்ததை எல்லாம் இறக்கி, என்னைத் திருப்பி வெளியே கொண்டுவருவதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது சலங்கைச் சத்தம் மட்டும்தான். அந்த இருட்டில் அழுதேன் – சொல்வதற்கு என்ன வெட்கம்?

எல்லாம் முடிந்து, கண் மை வழிய ஓடி வந்தாள் யாழினி. முகமெல்லாம் சிரிப்பு.

"சொன்ன மாதிரியே உங்களைப் பார்த்துதான் ஆடினேன்மா!"

"எங்க பார்த்தே?"

"அங்கதான், முன்னாடி. லைட் கண்ணைக் கூசிச்சு, முகம் சரியா தெரியல. ஆனா போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே! தலையை ஆட்டி ஆட்டி ரசிச்சீங்க..."

பொன்னாடைதான் அது. ஏர்கோன் காற்றில் அசைந்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"நல்லா ஆடினே கண்ணு" என்றேன். வேறென்ன சொல்ல?

என் இடத்தில் உட்கார்ந்து யாரோ என் மகளின் நடனத்தைப் பார்த்திருக்கிறார்கள். நான்தான் பார்க்கவில்லை.