தப்பித்த கம்பம்

நாள் முழுக்க மீன் குடலை வழித்துப் போடுகிறவளுக்கு எதிலும் குமட்டல் வராது என்று நினைப்பீர்கள். பெரின் பூத்ரோவுக்கு வரும். கொடியைப் பார்த்தால் வரும். பிரெஞ்சுக் கொடியோ இங்கிலீஷ் கொடியோ, எது ஏறினாலும் முகத்தைத் திருப்பித் துப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடுவாள்.

கனடாக் கரைக்கு அப்பால் கிடக்கும் சேன் பியேர் மொட்டைத் தீவு. பாறையும் பனிமூட்டமும் மீனும் உண்டு. வீட்டு உத்தரத்துக்கு உதவுகிற மரம் ஒன்று கிடையாது. இதற்காக இரண்டு ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள், வெட்கம்கெட்டவர்கள். பெரினும் அவள் புருஷன் ஆன்செல்மும் கடற்கரையில் கல்லைப் பொறுக்கிப் பரப்பி, அதன்மேல் மீன் உலர்த்திப் பிழைத்தார்கள். எங்கேயோ அமெரிக்காவில் நடந்த சண்டையில் பிரான்ஸ் இங்கிலாந்துக்கு எதிராகத் தலையிட்டது. அந்தக் கோபத்தை இங்கிலீஷ்காரர்கள் இங்கே வந்து தீர்த்துக்கொண்டார்கள். எல்லோரையும் கப்பலில் ஏற்றிவிட்டு, வீடு, படகு, கொட்டகை என்று ஒன்றுவிடாமல் கொளுத்தினார்கள். கப்பலிலிருந்து பெரின் திரும்பிப் பார்த்தாள். புகைக்கு நடுவே கொடிக்கம்பம் மட்டும் நின்றது. அதில் இங்கிலீஷ் கொடி பறந்தது.

ஐந்து வருஷம் பிரான்சில் ஒரு துறைமுகக் கிடங்கில் முடங்கிக் கிடந்தார்கள். ஆன்செல்முக்கு அங்கேதான் இருமல் பிடித்தது. பிறகு சமாதானமாம், தீவு மறுபடி பிரான்சுக்காம். போங்கள், வீடு கட்ட மரம் பின்னாலேயே வரும் என்றார்கள். இவர்கள் வந்து சேர்ந்தார்கள், மரம் வரவில்லை. பெரின் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினாள். குளிர் இறங்குவதற்குள் மேலே கூரை ஏறாவிட்டால் ஆன்செல்ம் பிழைக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் கோடரியோடு போய் அந்தக் கம்பத்தை வெட்டிச் சாய்த்தாள். வம்பு வரும் என்று ஆன்செல்ம் கெஞ்சியதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதையே உத்தரமாக வைத்துக் கூரை போட்டாள். கம்பம் வீட்டைவிட நீளம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் மீனைக் கட்டித் தொங்கவிட்டாள். அந்த வாரம் ஆன்செல்ம் நன்றாகத் தூங்கினான்.

அடுத்த வாரம் மேளதாளத்தோடு பிரெஞ்சு அதிகாரி வந்து இறங்கினார். கொடி இருந்தது, கம்பத்தைக் காணோம். தேடிக்கொண்டு வந்தவர் பெரின் வீட்டு முன்னால் நின்றார்.

"ராஜாவோட கம்பத்துல மீனா தொங்கவிடுற?"

பெரின் பொறுமையாகத்தான் சொன்னாள். உள்ளே படுத்திருந்த புருஷனைக் காட்டினாள். மரம் ஏற்றிய கப்பல் வரும்வரை விட்டுவையுங்கள் என்றாள். அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, மரம் வசந்தத்தில் வரும், கொடி அதுவரை காத்திருக்காது என்றார்.

"இங்கிலீஷ்காரன் கொளுத்துனான், நீங்க பிடுங்குறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் இந்தக் கட்டை மேல மட்டும் என்னய்யா அப்படி ஒரு பாசம்?"

அதிகாரி கையை அசைத்தார். நாலு பேர் கம்பத்தை உருவினார்கள். கூரை உள்ளே சரிந்தது. வெளியே ராஜா வாழ்க என்று கத்திக்கொண்டிருந்தபோது, புருஷனின் போர்வையிலிருந்து அவள் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமசுக்கு முன்பே அவன் போய்விட்டான். மரம் கோடையில் வந்தது. சவப்பெட்டிக்குக்கூட ஆகவில்லை.

அந்த ராஜாவின் தலையையே பின்னால் பிரான்சில் வெட்டினார்கள். கொடியின் நிறம் மாறியதுதான் மிச்சம். மறுபடி சண்டை, மறுபடி இங்கிலீஷ்காரர்கள், மறுபடி கப்பல். பெரின் கிழவியாகி, அதே பிரான்ஸ் துறைமுகத்தில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கப்பல்காரன் வந்து பெருமையடித்தான். தீவில் குடியேறிய இங்கிலீஷ்காரர்களை நம் கப்பல்கள் பழிவாங்கிவிட்டனவாம். வீடு, கொட்டகை எல்லாம் சாம்பலாம்.

பெரினின் கத்தி நின்றது. அவள் வைத்த கற்சுவரும் அங்கேதான் இருந்தது.

"கம்பம்?" என்றாள்.

"அதை எப்படிம்மா எரிப்போம்? அதுல நம்ம கொடியை ஏத்திட்டுல்ல வந்தோம்."

பெரின் துப்பினாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.