சர்வரக்கா கை வைத்த இடம்

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் சர்வரக்கா. குளிரூட்டிய சின்ன அறையில் இருந்த, ஆஸ்பத்திரியின் புரோகிராம்கள் எல்லாம் ஓடுகிற லினக்ஸ் சர்வரைப் பதினாறு வருஷமாக அவள்தான் கட்டி மேய்த்தாள். அதில் யார் எதை மாற்றினாலும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எழுதாதவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவாள்.

ஒருநாள் காலையில், நோயாளிகள் நேரம் குறித்துக்கொள்ளும் வெப்சைட் படுத்துவிட்டது. முந்தின நாள் அதற்கு அப்டேட் போட்டவன், அவளோடு வேலை பார்க்கும் நெட்டையன், ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மேனேஜரும் கவுண்டர் பெண்களும் சுற்றி நிற்க, அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கை பட்டு எதுதான் உருப்பட்டிருக்கு தம்பி?"

"வேற சர்வர்ல சோதிச்சுட்டுத்தான் போட்டேன்க்கா."

"சோதிச்ச லட்சணம் வாசல் வரைக்கும் வரிசையா நிக்குது பாருங்க."

"இனிமே இவர் சர்வர் பக்கம் வரவேணாம், வேற பிரிவுக்கு மாத்திடறேன்" என்றார் மேனேஜர்.

அவள் போய்க் குடைய ஆரம்பித்தாள். கோளாறு ஒரு லைப்ரரியில். லைப்ரரி என்பது பல புரோகிராம்கள் பொதுவில் எடுத்துப் புழங்கும் சாமான், ஒரே அடுப்பில் நாலு குடும்பம் சமைக்கிற மாதிரி. அப்டேட் ஆன வெப்சைட்டுக்கு அதன் புது வெர்ஷன் வேண்டும். அது இருக்கவும் இருந்தது. ஆனால் சர்வர் முதலில் தேடுகிற போல்டரில், அதே பேரில் பழைய வெர்ஷன் ஒன்று குந்தியிருந்தது. கைக்கு முதலில் சிக்கிய அதை எடுத்துக்கொண்டு வெப்சைட் திரும்பத் திரும்ப விழுந்தது. நெட்டையன் சோதித்த சர்வரில் இந்தப் பழையது கிடையாது.

யார் பார்த்த வேலை என்று தேதியைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. லேப் ரிப்போர்ட் புரோகிராம் பழைய வெர்ஷன்தான் வேண்டும் என்று முரண்டு பிடிக்க, மகளை ரயிலேற்றும் அவசரத்தில் அவளே கொண்டுவந்து போட்டது. பதிவேட்டைப் புரட்டினாள். அந்தத் தேதியில் ஒரு வரிகூட இல்லை.

காது மடல் சுட்டது. பழையதை லேப் புரோகிராமுக்கு மட்டும் தனியே ஒதுக்கியதும் வெப்சைட் எழுந்துகொண்டது. "கலக்கிட்டீங்கக்கா" என்றார்கள் கவுண்டர் பெண்கள். வாயை மூடிக்கொண்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. மனசு அந்தப் பக்கமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அதுதான் அவளை இன்னும் கூசவைத்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் மாற்றல் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். "விடுங்கக்கா, இது நமக்குள்ள இருக்கட்டும்."

"நான் அவர நமக்குள்ள திட்டலையே சார்."

கவுண்டர் கூடத்துக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "தப்பு தம்பியோடது இல்ல. நான் வச்சது, நான் எழுதாம விட்டது." பெண்கள் கீபோர்டைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"மன்னிச்சுக்கங்க தம்பி" என்றாள்.

நெட்டையன் தலையை மட்டும் அசைத்தான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. தினமும் அவளோடு சேர்ந்து சாப்பிடுகிறவன், அன்றைக்கு மதியம் அவளைக் கூப்பிடாமல் தனியாகவே சாப்பிடப் போனான். கூப்பிடுங்க என்று கேட்கிற முகம் அவளுக்கு இல்லை.